திறன்பேசி இயங்குதள மாற்றமும் தடமறிதலும்: கள ஆய்வாளர் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

திறன்பேசியின் இயங்குதளத்தை மாற்றிவிட்டால் கண்காணிப்பிலிருந்து விடுபட்டுவிடலாம் என்னும் எண்ணம் கணினியறிவு உடையோரிடையே பரவலாக உள்ளது. ஒரு கைப்பேசியிலிருந்து தரவு வெளியேறும் வழிகள் பல. அவற்றுள் இயங்குதள மாற்றம் எதனை அடைக்கிறது, எவற்றைத் தொடாமலே விடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலிலிருந்து உருவான லீனியேஜ் ஓஎஸ், இ ஓஎஸ், கிராபீன் ஓஎஸ் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. பிறருடைய குரலையும் பெயரையும் இருப்பிடத்தையும் தம் கைப்பேசியில் சுமந்து திரியும் கள ஆய்வாளர்களுக்கு இவ்வேறுபாடு எவ்வாறு பொருந்துகிறது என்பது கட்டுரையின் இறுதிப் பகுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, தடமறிதல், இயங்குதளம், ஆண்ட்ராய்டு, கிராபீன் ஓஎஸ், கள ஆய்வு அறம், தகவலாளர்.

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியல், கிளைமொழியியல், இனவரைவியல் ஆகிய துறைகளில் களப்பணி மேற்கொண்டோர் ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஒலிநாடாப் பதிவுக் கருவி, நிழற்படக் கருவி, குறிப்பேடு ஆகியவற்றைத் தனித்தனியே சுமந்து சென்றனர். இன்று இம்மூன்றின் பணியையும் ஒரே திறன்பேசி செய்கிறது. பதிவு செய்யப்பட்ட ஒலிநாடா அலமாரியில் கிடந்தது. யாரேனும் கையால் எடுத்துச் சென்றாலன்றி அதிலுள்ள குரல் வேறிடம் சேர்வதில்லை. திறன்பேசியோ, உரியவர் தொடாமல் வைத்திருக்கும்போதும் தொலைவிலுள்ள வழங்கிகளோடு ஓயாது தொடர்பு கொண்டிருக்கும் கருவி.

நிலத்தகராறு, சாதி மோதல், புலம்பெயர்வு, குடும்ப வன்முறை ஆகியவை பற்றி ஆய்வாளரிடம் மனம்திறந்து பேசும் தகவலாளர், தம் எதிரில் அமர்ந்திருப்பவரை நம்பியே பேசுகிறார். அவர் அளித்த இசைவு அந்த ஆய்வாளருக்கு மட்டுமே உரியது. அக்கருவியைத் தயாரித்த நிறுவனம், அதில் நிறுவப்பட்டுள்ள செயலிகளை எழுதியோர், அவர்களிடமிருந்து தரவை விலைக்கு வாங்குவோர் ஆகியோருக்கு அவ்விசைவு நீள்வதில்லை. எனவே கைப்பேசியின் தனியுரிமை என்பது ஆய்வாளரின் சொந்த விருப்பு வெறுப்பைக் கடந்து, ஆய்வு அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. இயங்குதளத்தை மாற்றுதல் இச்சிக்கலுக்கு அடிக்கடி முன்மொழியப்படும் தீர்வு. அது எந்த அளவுக்குத் தீர்வு என்பதே இங்கு எழும் வினா.

ஆண்ட்ராய்டின் இரு கூறுகள்

ஆண்ட்ராய்டு என ஒரே பெயரால் வழங்கப்படுவது இரு வேறு மென்பொருள் தொகுதிகளின் சேர்க்கை. முதலாவது, லினக்ஸ் கருநிரலின்மேல் அமைந்த திறந்த மூலநிரல் தொகுதி. 2005-இல் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டை விலைக்கு வாங்கியது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி சந்தைக்கு வந்தது. இத்தொகுதியின் பெரும்பகுதி அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளியிடப்படுவதால் எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், வேறு பெயரில் வெளியிடவும் செய்யலாம். இரண்டாவது தொகுதி கூகுள் பிளே சர்வீசஸ் முதலான மூடிய மென்பொருள்கள். 2012-இல் அறிமுகமான பிளே சர்வீசஸ், இருப்பிடம் கண்டறிதல், செயலிகளுக்கு அறிவிப்பு அனுப்புதல், கணக்கில் உள்நுழைதல், விளம்பர அடையாள எண் வழங்குதல் எனப் பல பணிகளைத் தன்பால் கொண்டுள்ளது. கடையில் வாங்கும் கைப்பேசியில் இவ்விரண்டும் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருக்கின்றன.

இவற்றுக்கிடையேயான முதன்மை வேறுபாடு அனுமதி பற்றியது. சாதாரணச் செயலி ஒன்று இருப்பிடத்தையோ தொடர்புப் பட்டியலையோ அறிய விரும்பினால் பயனரிடம் இசைவு கேட்க வேண்டும், பயனர் மறுக்கலாம். பிளே சர்வீசஸ் அவ்வாறன்று. கைப்பேசி ஆலையிலிருந்து வெளிவரும்போதே இயங்குதளப் பகுதியில் அது இடம்பெற்றுவிடுகிறது; பிற செயலிகளுக்குக் கிட்டாத அனுமதிகள் அதற்கு முன்கூட்டியே வழங்கப்பட்டுள்ளன. இந்நிலையை இக்கட்டுரை 'சிறப்புரிமை' என்னும் சொல்லால் குறிக்கிறது. மாற்று இயங்குதளங்கள் அனைத்தும் கைவைப்பது இச்சிறப்புரிமையின்மீதே.

இப்பிணைப்பு தொழில்நுட்பத் தேவையால் மட்டும் ஏற்பட்டதன்று, ஒப்பந்தங்களாலும் ஏற்பட்டது. பிளே ஸ்டோரைப் பெற விரும்பும் தயாரிப்பாளர் கூகுள் செயலிகளின் தொகுப்பு முழுவதையும் முன்னிறுவ வேண்டும் என்னும் நிபந்தனையை ஆராய்ந்த இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ₹1,337.76 கோடி தண்டம் விதித்தது. 2023 மார்ச்சில் தேசிய நிறுமச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதிசெய்து, ஆணையத்தின் கட்டளைகளுள் சிலவற்றை நீக்கியது. அவ்வழக்கு சந்தைப் போட்டி பற்றியதேயன்றித் தனியுரிமை பற்றியதன்று. எனினும் கைப்பேசியில் முன்கூட்டியே இடம்பிடித்தவர் பெறும் ஆற்றலை அது நன்கு புலப்படுத்துகிறது. அரசும் இவ்வாற்றலை அறிந்தே உள்ளது. 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி செயலியைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் முன்னிறுவுமாறு தயாரிப்பாளர்களைப் பணித்தது. எதிர்ப்பு எழவே டிசம்பர் 3 அன்று அக்கட்டாயத்தை விலக்கிக்கொண்டது.

அளவீடுகள் காட்டுவன

சிறப்புரிமை பெற்ற மென்பொருள் என்ன செய்கிறது என்பது நீண்ட காலம் ஊகமாகவே இருந்தது. 2017 நவம்பரில் குவார்ட்ஸ் இதழ் வெளியிட்ட செய்தி முதல் அதிர்ச்சியை அளித்தது. இருப்பிடச் சேவையை அணைத்து வைத்திருந்தாலும், சிம் அட்டையே இல்லாவிடினும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அவ்வாண்டின் தொடக்கம் முதல் அருகிலுள்ள கோபுரங்களின் அடையாளங்களைக் கூகுளுக்கு அனுப்பிவந்தன என்பது அச்செய்தி. கூகுள் அதனை ஒப்புக்கொண்டு, அவ்வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது.

முறையான அளவீடு 2021-இல் வந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் டக்ளஸ் லீத், பிக்சல் கைப்பேசி ஒன்றிலிருந்தும் ஐபோன் ஒன்றிலிருந்தும் வெளியேறும் தரவை இடைமறித்துப் பகுப்பாய்ந்தார். பயன்பாட்டுத் தரவு பகிர்தலை மறுத்து, எக்கணக்கிலும் உள்நுழையாமல், சும்மா வைத்திருந்த நிலையிலும் இரு கைப்பேசிகளும் சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒருமுறை தத்தம் நிறுவனங்களைத் தொடர்புகொண்டன. முதல்முறை இயக்கிய சில நிமிடங்களில் பிக்சல் அனுப்பியது ஏறத்தாழ 1 மெகாபைட். ஐபோன் அனுப்பியது ஏறத்தாழ 42 கிலோபைட். அளவில் குறைந்திருப்பதால் ஐபோன் தூயது எனக் கொள்வதற்கில்லை. அருகிலிருக்கும் பிற கருவிகளின் வலையமைப்பு முகவரிகளை அது இருப்பிடத்தோடு சேர்த்து ஆப்பிளுக்கு அனுப்பியதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது. ஒருவருடைய கைப்பேசி, அவரருகே அமர்ந்திருப்பவருடைய கருவியைப் பற்றியும் செய்தி அனுப்புகிறது. கள ஆய்வாளர்கள் ஆழ்ந்து நோக்க வேண்டிய முடிவு இது.

அதே ஆண்டு அக்டோபரில் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்து லீத் வெளியிட்ட இரண்டாம் ஆய்வு சாம்சங், சியோமி, வாவே, ரியல்மி ஆகியவற்றின் ஆண்ட்ராய்டு வடிவங்களையும் லீனியேஜ் ஓஎஸ், இ ஓஎஸ் ஆகியவற்றையும் ஒப்பிட்டது. சியோமி கைப்பேசியில் பயனர் எந்தெந்தச் செயலித் திரைகளை எப்போது பார்த்தார் என்னும் விவரம் நிறுவனத்துக்குச் சென்றது. வாவே கைப்பேசியில் இருந்த ஸ்விஃப்ட்கீ விசைப்பலகை, செயலிப் பயன்பாட்டு விவரங்களை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பியது. லீனியேஜ் ஓஎஸ் பற்றிய முடிவு பலருக்கும் எதிர்பாராதது. கூகுள் செயலித் தொகுப்பையும் சேர்த்து நிறுவிச் சோதித்தபோது, பிற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைப் போலவே அதுவும் கூகுளுக்குத் தரவு அனுப்பியது. இ ஓஎஸ் மட்டுமே குறிப்பிடத்தக்க தரவு எதனையும் எவர்க்கும் அனுப்பவில்லை. இயங்குதளத்தின் பெயரைவிடச் சிறப்புரிமை பெற்ற மென்பொருள் அதில் உள்ளதா என்பதே முடிவைத் தீர்மானித்தது.

இது எதிர்பாராத செயற்பாடு அன்று, இன்றைய கைப்பேசிகள் இயங்கும் முறையே இதுதான் என்று கூகுள் மறுமொழி கூறியது. இம்மறுமொழியில் ஒருபாதி ஏற்கத்தக்கது. பாதுகாப்புப் புதுப்பிப்பு உள்ளதா எனக் கேட்க வேண்டுமானால் கைப்பேசி வழங்கியை அணுகித்தான் ஆகவேண்டும். ஆனால் அக்கேள்வியோடு மாற்றவியலாத வன்பொருள் எண்ணையும் சேர்த்து அனுப்புவது ஏன் என்பதற்கு அதில் விடையில்லை. பயனர் தம் விளம்பர அடையாள எண்ணை எத்தனை முறை மாற்றினாலும், அதே கருவியிலிருந்து வன்பொருள் எண்ணும் செல்லுமாயின், புதிய எண்ணைப் பழைய ஆளோடு இணைப்பது எளிது.

சிறப்புரிமை நீக்கத்தின் மூன்று முறைகள்

கூகுள் சேவைகளை எவ்வாறு கையாள்கின்றன என்பதை வைத்து மாற்று இயங்குதளங்களை வகைப்படுத்துவது தெளிவு தரும். முதல் முறை முழு நீக்கம். 2016 இறுதியில் சயனோஜென்மாட் திட்டம் முடிவுற்றபோது அதன் தொடர்ச்சியாகத் தோன்றிய லீனியேஜ் ஓஎஸ் இயல்பாகக் கூகுள் செயலிகள் இன்றியே வருகிறது. பயனர் விரும்பினால் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வாறு சேர்த்தவுடன் நேர்வதைத்தான் மேற்கண்ட ஆய்வு அளந்தது. இரண்டாம் முறை பதிலி வைத்தல். பிளே சர்வீசஸின் பணிகளுள் சிலவற்றைத் திறந்த மூலநிரலாக மீண்டும் எழுதிய மைக்ரோ-ஜி என்னும் தொகுதியை இ ஓஎஸ், கேலிக்ஸ் ஓஎஸ் ஆகியன பயன்படுத்துகின்றன. இதனால் அனுப்பப்படும் தரவு பெரிதும் குறைகிறது. ஆயினும் உடனடி அறிவிப்புகள் வேண்டுமெனில் மைக்ரோ-ஜியும் கூகுளின் வழங்கியையே அணுக வேண்டியுள்ளது.

மூன்றாம் முறையே தொழில்நுட்ப நோக்கில் சிந்தனைக்குரியது. காப்பர்ஹெட் ஓஎஸ் திட்டத்திலிருந்து கிளைத்து 2019 முதல் இப்பெயரில் வழங்கும் கிராபீன் ஓஎஸ், 2021-இல் ஒரு மாற்று வழியை அறிமுகப்படுத்தியது. இங்குப் பிளே சர்வீசஸ் இயல்பாக இருப்பதில்லை. தேவைப்படுவோர் கூகுள் எழுதிய அதே மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அது சிறப்புரிமை ஏதுமற்ற சாதாரணச் செயலியாகவே இயங்கும். இருப்பிடம் வேண்டுமெனில் பிற செயலிகளைப் போலப் பயனரிடம் கேட்க வேண்டும். மறுத்தால் அடங்க வேண்டும். வீட்டின் சாவிக்கொத்தை வைத்திருந்தவர் வாயிற்கதவைத் தட்டும் விருந்தினராக மாறிவிடுகிறார் எனலாம். இதனைத் தனிப் பயனர் கணக்கு ஒன்றில் ஒதுக்கி வைப்பதும் இயலும்.

இதனோடு, வழக்கமான ஆண்ட்ராய்டில் இல்லாத சில அனுமதிக் கட்டுப்பாடுகளையும் கிராபீன் ஓஎஸ் சேர்த்துள்ளது. ஒவ்வொரு செயலிக்கும் இணைய இணைப்பை வழங்கலாம், மறுக்கலாம். அசைவுணரி முதலிய உணரிகளை மறுக்கலாம். சேமிப்பகம் முழுவதையும் கேட்டு அடம்பிடிக்கும் செயலிக்குக் குறிப்பிட்ட கோப்புகளை மட்டும் காட்டலாம். தொடர்புப் பட்டியலுக்கும் இவ்வாறே. செயலி தனக்கு முழு அனுமதி கிடைத்ததாகவே கருதி இயங்கும். அது காண்பதோ பயனர் தெரிவுசெய்த பகுதியை மட்டும்.

நிறுவும் முறையில் ஒரு நுட்பம் கவனத்துக்குரியது. கைப்பேசியை இயக்கும்போது முதலில் ஓடும் பூட்லோடர் என்னும் சிறு நிரல், அடுத்து ஏற்றப்படும் இயங்குதளம் உரிய மின்கையொப்பம் உடையதா எனச் சோதிக்கிறது. வேறு இயங்குதளத்தை நிறுவ இப்பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் கருவியிலுள்ள தரவு அனைத்தும் அழிந்துவிடும். நிறுவிய பின் மீண்டும் பூட்டாமல் விட்டால், கருவியைச் சிறிது நேரம் கையில் பெறும் எவரும் இயங்குதளத்தைத் திருத்திவிட இயலும். உரியவருக்கு அது தெரியவே வராது. தனியுரிமை நாடி இயங்குதளம் மாற்றியவர், மாற்றாதவரைவிடக் கூடுதல் இடருக்கு உள்ளாகும் நிலை இது. மாற்று இயங்குதளத்தின் கையொப்பச் சாவியைப் பதித்து மீண்டும் பூட்டும் வசதி பிக்சல் கைப்பேசிகளில் உண்டு. கிராபீன் ஓஎஸ் இதுகாறும் பிக்சல் வரிசையைச் சார்ந்து வளர்ந்ததற்கு இதுவும் முதன்மைக் காரணம். கூகுளின் மென்பொருளிலிருந்து விலக விரும்புவோர் கூகுள் தயாரித்த கருவியையே வாங்க வேண்டியிருப்பது முரண்தான். ஆனால் அம்முரணுக்கு வலுவான பொறியியல் காரணம் உள்ளது.

கோபுரம் அறிவது

இயங்குதளம் எதுவாயினும் கைப்பேசி அழைப்பைப் பெறவேண்டுமானால் அது எந்தக் கோபுரத்தின் எல்லையில் உள்ளது என்பதை வலையமைப்பு நிறுவனம் அறிந்தாக வேண்டும். சிம் அட்டையின் எண்ணும் கருவியின் ஐஎம்இஐ எண்ணும் இதற்கென அனுப்பப்படுகின்றன. இப்பணியைச் செய்வது ஆண்ட்ராய்டு அன்று. தனக்கென வேறு மென்பொருள் கொண்ட அலைவரிசைச் செயலகம். எனவே இயங்குதள மாற்றம் இவ்வழியைச் சற்றும் அடைப்பதில்லை.

இவ்வழியில் எவ்வளவு தெரியவரும் என்பதை ஜெர்மானியப் பசுமைக் கட்சி அரசியலாளர் மால்ட்டே ஸ்பிட்ஸ் நடைமுறையில் காட்டினார். டாய்ச்ச டெலிகாம் நிறுவனம் தம்மைப் பற்றிச் சேமித்த பதிவுகளைச் சட்டவழியில் கேட்டுப் பெற்றார். 2009 ஆகஸ்டு முதல் 2010 பிப்ரவரி வரையிலான அரையாண்டுப் பதிவுகள் அவை. 2011-இல் ட்சைட் இதழின் இணையப்பதிப்பு அவற்றை வரைபடமாக்கியபோது, அவர் எந்நாளில் எந்நகரில் இருந்தார், எப்போது தொடர்வண்டியில் சென்றார், எத்தனை குறுஞ்செய்தி அனுப்பினார் என்பன அனைத்தும் தெரிந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்த கார்ப்பென்டர் வழக்கில் காவல்துறை பெற்றிருந்தது 127 நாள்களுக்கான 12,898 இருப்பிடப் புள்ளிகள். நாளொன்றுக்குச் சராசரியாக 101. இத்தகைய பதிவுகளைப் பெறப் பொதுவாக நீதிமன்றப் பிடியாணை வேண்டும் என அந்நீதிமன்றம் 5-4 என்னும் பெரும்பான்மையில் முடிவுசெய்தது. இந்தியாவில் அழைப்பு விவரப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் பேணுமாறு 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு உரிமங்கள் திருத்தப்பட்டன. கிராபீன் ஓஎஸ் நிறுவிய கைப்பேசியும் இப்பதிவேட்டில் இடம்பெறும். பறக்கை நிலையில் வைத்தலும் கருவியை வீட்டில் விட்டுச் செல்லுதலுமே இதற்கு மாற்று.

செயலியும் கணக்கும்

இயங்குதளம் தூய்மையானதாக இருந்தாலும், பயனரே மனமுவந்து இருப்பிடத்தை வழங்கும் செயலி அதனை யாருக்கு அளிக்கிறது என்பது தனிச் சிக்கல். செயலிகளை எழுதுவோர் பிற நிறுவனங்களின் ஆயத்த நிரல் தொகுதிகளைத் தம் செயலியில் சேர்த்துக்கொள்வது வழக்கம். செயலிக்குக் கிடைத்த அனுமதி அத்தொகுதிக்கும் கிடைத்துவிடும். தொழுகை நேரமும் திசையும் காட்டும் முஸ்லிம் புரோ செயலி, எக்ஸ்-மோட் என்னும் தரவு வணிக நிறுவனத்துக்குப் பயனர் இருப்பிடத்தை அனுப்பிவந்ததை 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளிப்படுத்தியது. எக்ஸ்-மோட் நிறுவனத்திடம் தரவு வாங்கியோருள் அமெரிக்கப் படைத்துறையின் ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர். வழிபாட்டுக்கென நிறுவிய செயலி, நிறுவியோர் நினைத்தும் பாராத கைகளுக்கு அவர்களுடைய நடமாட்டத்தைச் சேர்த்தது. செய்தி வெளியானதும் செயலி நிறுவனம் அவ்வுறவைத் துண்டித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் எக்ஸ்-மோடையும் அதன் வழிவந்த நிறுவனத்தையும் நுண்ணுணர்வுக்குரிய இருப்பிடத் தரவை விற்கக் கூடாதெனத் தடுத்தது.

இவ்விடத்தில் மாற்று இயங்குதளம் பாதியளவே உதவும். இருப்பிடம் கேட்கும் செயலிக்குத் தோராய இருப்பிடத்தை மட்டும் தரலாம். இது 2021-இல் வெளியான ஆண்ட்ராய்டு 12 முதல் வழக்கமான கைப்பேசிகளிலும் உண்டு. கிராபீன் ஓஎஸ் பயனர் இணைய இணைப்பையே மறுக்கலாம். ஆனால் இணையமின்றி இயங்காத செயலிக்குத் துல்லிய இருப்பிடத்தையும் தந்துவிட்டால், இயங்குதளத்தால் செய்யக்கூடியது ஏதுமில்லை.

கணக்கு பற்றிய வழி இன்னும் எளிமையானது. கூகுள் கணக்கில் உள்நுழைந்து தேடலும் வரைபடமும் பயன்படுத்துவோர் எக்கருவியிலிருந்து அதனைச் செய்தாலும் பதிவு கூகுளின் வழங்கியில்தான் சேரும். இருப்பிட வரலாறு என்னும் அமைப்பை அணைத்திருந்தாலும் வேறோர் அமைப்பின் வழியாக இருப்பிடம் சேமிக்கப்பட்டதை அசோசியேட்டட் பிரஸ் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் வழங்கக் கூகுள் உடன்பட்டது. கணக்கு அமைப்பினாலும் சேவைகளின் சேமிப்பு முறையினாலும் நேர்ந்த இக்குறைபாடு இயங்குதளத்தை மாற்றுவதால் தீர்வதன்று.

மாற்றத்தின் விலை

வங்கிச் செயலிகளுள் சில, கருவி கூகுளின் சான்று பெற்றதா எனச் சோதித்த பின்னரே இயங்கும். மாற்று இயங்குதளங்கள் அச்சான்றை முழுமையாகப் பெறுவதில்லை. கிராபீன் ஓஎஸ் தன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வன்பொருள்வழிச் சான்றை அளிக்க வல்லது எனினும், அதனை ஏற்பதும் மறுப்பதும் செயலி நிறுவனத்தின் விருப்பம். பணப்பரிமாற்றம் பெரிதும் கைப்பேசிக்கு மாறிவிட்ட நாட்டில் இது சிறு இடர் அன்று. வங்கிக்கென வேறொரு மலிவான கைப்பேசியை வீட்டில் வைத்துக்கொள்வோரும் உண்டு.

இன்னொரு விலை சார்பு நிலை. மாற்றுத் திட்டங்கள் அனைத்தும் கூகுள் வெளியிடும் மூலநிரலையே நம்பியுள்ளன. 2025 ஜூனில் ஆண்ட்ராய்டு 16 வெளியானபோது, பிக்சல் கருவிகளுக்கே உரிய அமைவுக் கோப்புகள் மூலநிரலோடு வரவில்லை. மாற்றுத் திட்டங்கள் அவற்றைத் தாமே உருவாக்கிக்கொள்ள நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கேலிக்ஸ் ஓஎஸ் திட்டம் தன் புதுப்பிப்புகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத இயங்குதளம் தனியுரிமைக்கும் உதவாது. ஆதலின் ஒரு திட்டத்தைத் தெரிவுசெய்வோர் அதன் வசதிகளைக் காட்டிலும் புதுப்பிப்புகள் எவ்வளவு விரைந்து, எவ்வளவு ஒழுங்காக வருகின்றன என்பதையே முதலில் நோக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

களத்தில் பயன்படுமாறு

மேற்கண்ட பகுப்பைக் களப்பணிக்குப் பொருத்தும்போது சில செயல்கள் இயங்குதளத்தை மாற்றாமலே இயல்வன என்பதும், சிலவற்றுக்கு மாற்றம் தேவை என்பதும் புலனாகும்.

விசைப்பலகையிலிருந்து தொடங்கலாம். தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியே செல்கிறது. பேட்டியின் எழுத்துப்படியும் களக்குறிப்பும் அதில் அடங்கும். தமிழ் உள்ளீட்டுக்குத் திறந்த மூலநிரலாக அமைந்த இண்டிக் விசைப்பலகை, தமிழ்99 உள்ளிட்ட அமைப்புகளோடு கிடைக்கிறது. கிராபீன் ஓஎஸ் கருவியில் விசைப்பலகைக்கு இணைய அனுமதியை மறுத்துவிட்டால் தட்டச்சு செய்தவற்றைத் தானே வெளியே அனுப்பும் வழி அதற்கு இல்லை. குரலை எழுத்தாக்கும் வசதிகளும் இவ்வகையினவே. அவற்றுள் பல, ஒலிப்பதிவைத் தொலைவிலுள்ள வழங்கிக்கு ஏற்றிய பின்னரே எழுத்துருவைத் தருகின்றன. தகவலாளரின் குரலை இவ்வாறு ஏற்றுவது, அவர் அறியாத மூன்றாமவருக்கு அப்பதிவைக் கையளிப்பதாகும்.

நிழற்படங்களில் இருப்பிடக் குறியீடு பதிவாவது பலரும் அறிந்ததே. நடைமுறையில் மறக்கப்படுவதும் அதுவே. 2012-இல் தலைமறைவாக இருந்த ஜான் மெக்கஃபி குவாத்தமாலாவில் இருக்கிறார் என்பதை ஓர் இதழ் வெளியிட்ட படத்தில் பதிந்திருந்த ஆயத்தொலைவுகளே காட்டிக்கொடுத்தன. தகவலாளரின் பெயரை மாற்றி எழுதிய ஆய்வேட்டில், அவர் வீட்டு முற்றத்தின் படம் ஆயத்தொலைவுகளோடு மின்கோப்பாகச் சேர்க்கப்பட்டால் புனைபெயரால் பயனில்லை. கிராபீன் ஓஎஸ்-இன் படச்செயலி இத்தகைய கூடுதல் தரவை இயல்பாகவே நீக்கிவிடுகிறது. வழக்கமான கைப்பேசியில் இருப்பிடக் குறியீட்டைப் படச்செயலியின் அமைப்பில் அணைத்துவைக்கலாம். சிலை, கல்வெட்டு, ஊர் எல்லை ஆகியவற்றைப் படமெடுப்போருக்கு இருப்பிடம் தேவையான தரவே. ஆளைப் படமெடுக்கும்போதும் அதே அமைப்பு நீடிப்பதுதான் சிக்கல்.

தொடர்புப் பட்டியல் இவற்றினும் நுட்பமானது. பெயர் நினைவில் நிற்பதற்காகத் தகவலாளரின் ஊரையும் தொழிலையும், சிலபோது சமூகத்தையும் பெயரோடு சேர்த்துப் பதிவது களப்பணியாளர் வழக்கம். தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்கும் செயலிகள் அதனை வழங்கிக்கு ஏற்றக்கூடும். பட்டியலின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் வசதி இல்லாத கருவியில், தகவலாளர் எண்களைத் தொடர்புப் பட்டியலில் பதியாது குறிப்பேட்டிலோ மறையாக்கம் செய்த கோப்பிலோ வைப்பதே தக்கது. படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தானே மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றும் அமைப்பும் களத்துக்குச் செல்லுமுன் அணைக்கப்பட வேண்டியது.

சட்ட நிலையும் இதனோடு தொடர்புடையது. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 17(2)(ஆ) பிரிவில் ஆய்வு, ஆவணக்காப்பு, புள்ளியியல் ஆகிய நோக்கங்களுக்கு விலக்கு அளிக்கிறது. இவ்விலக்கு நிபந்தனைக்கு உட்பட்டது. குறிப்பிட்ட ஆள் குறித்து முடிவெடுக்கத் தரவு பயன்படக் கூடாது. விதித்துரைக்கப்பட்ட தரநிலைகளும் பின்பற்றப்பட வேண்டும். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின் இரண்டாம் அட்டவணை அத்தரநிலைகளுள் தரவுக் கசிவைத் தடுக்கும் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளையும் சேர்த்துள்ளது. சட்டத்தின் முதன்மைப் பிரிவுகள் 18 மாத இடைவெளிக்குப் பின்னரே நடைமுறைக்கு வருகின்றன. பல்கலைக்கழகத் துறைகள் தம் ஒப்புதல் படிவங்களைத் திருத்திக்கொள்ள இவ்விடைவெளியைப் பயன்படுத்தலாம். பதிவு எக்கருவியில் எடுக்கப்படுகிறது, அக்கருவி எக்கணக்கோடு இணைந்துள்ளது, எழுத்தாக்கத்துக்கு வெளி வழங்கி பயன்படுத்தப்படுமா, கைப்பேசியிலிருந்து பதிவு எப்போது அழிக்கப்படும் ஆகிய நான்கு வினாக்களுக்கு விடை எழுதும் இடம் அப்படிவத்தில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தகவலாளருக்கு அவ்விடைகள் வாய்மொழியாக, அவருடைய வழக்கில், ஒலிப்பதிவு தொடங்குமுன் சொல்லப்பட வேண்டும்.